"10 கிலோமீட்டர் ஆழம்" என்று அச்சிடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலுக்கடியில் நிலநடுக்கம் என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும்போது, கடைசி வரியில் அடிக்கடி ஒரே எண்ணைப் பார்க்கிறேன்: "10 கிலோமீட்டர் ஆழத்தில் மையம் கொண்டிருந்தது." ஒரு தடவை பசிபிக்கின் ஓர் ஓரம், இன்னொரு தடவை அட்லாண்டிக்கின் நடு. ஆழம் மட்டும் மாறுவதில்லை. அண்மையில் இதே கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் வேறொரு கோபத்தைக் கொட்டியிருந்தார். நிலநடுக்கத்தின் அளவை ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, இவர்களுக்கு ஒழுங்காக அளக்கவே தெரியாதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாறாத ஆழம், மாறிக்கொண்டே இருக்கும் அளவு, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நடுங்கிய இடத்தின் மேல் கருவி இல்லை.

கடலடி நிலநடுக்கமானிகளைப் பூட்டி, சோதித்து, கப்பலிலிருந்து இறக்கி, திரும்ப எடுக்கும் கருவித் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விஞ்ஞானி இல்லை. ஆனால் அந்த அளவுகள் எப்படிக் கிடைக்கின்றன என்பதைக் கைப்படத் தெரிந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 10 கிலோமீட்டர். அலைகள் பல நிலையங்களுக்கு வந்து சேர்ந்த நேரங்களை வைத்துத்தான் நிலநடுக்கத்தின் இடம், ஆழம், தொடங்கிய நேரம் மூன்றையும் கணக்கிடுகிறார்கள். மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவியாவது இருந்தால் ஆழம் நன்றாகப் பிடிபடும். எல்லாக் கருவிகளும் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கரையில் இருந்தால், மையத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, தொடங்கிய நேரத்தை ஓரிரு நொடி நகர்த்தினாலும் கணக்கு ஏறக்குறைய அதே மாதிரி பொருந்திவிடும். அப்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் போன்ற அமைப்புகள் ஆழத்துக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுகின்றன. அந்த எண் பெரும்பாலும் 10 கிலோமீட்டர். முன்பெல்லாம் 33 வைப்பார்கள். இதை அவர்கள் ஒளிப்பதில்லை, வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தியாகி உங்கள் மேசைக்கு வரும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்து, வைத்துக்கொண்ட எண் அளந்த எண்ணாக அச்சாகிறது.

தூரத்து நிலையங்களை வைத்து ஆழம் காண இன்னொரு வழியும் உண்டு. மையத்திலிருந்து நேராக மேலே போய் மோதித் திரும்பும் அலை, நேரடி அலைக்கு எத்தனை நொடி பின்னால் வருகிறது என்று பார்ப்பார்கள். நிலத்தில் இது சுலபம். கடலில் அந்த அலை ஒரு தடவை கடலடியில் பட்டுத் திரும்புகிறது, மிச்சம் தண்ணீருக்குள் ஏறி நீர்ப்பரப்பில் பட்டு மறுபடி திரும்புகிறது. தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர். நாலரை கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் இந்த இரண்டுக்கும் இடையே ஆறு நொடி வித்தியாசம். எது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் ஆழம் பல கிலோமீட்டர் பிசகும்.

பூமிப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கடல். 1960ல் சிலி, 1964ல் அலாஸ்கா, 2004ல் சுமத்ரா, 2011ல் ஜப்பான் என்று கருவிக் காலத்தின் மிகப்பெரிய நடுக்கங்கள் எல்லாம், பூமியின் மேலோட்டில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழையும் இடங்களில் வந்தவை. தட்டுகள் உரசும் அந்தப் பிளவுகளின் முக்கியப் பகுதி கடலுக்கு அடியில் கிடக்கிறது. அளக்கும் கருவிகளோ பெரும்பாலும் ஒரே பக்கத்தில், கரையில்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2011 மார்ச் 11ஐக் காட்டுவேன். நிலத்தில் மிக நெருக்கமாகக் கருவி வைத்த நாடுகளில் ஒன்று ஜப்பான். அன்று பிற்பகல் 2.46க்கு நடுக்கம் தொடங்கியது. மூன்று நிமிடத்தில் ஜப்பான் வானிலை நிறுவனம் கணித்த அளவு 7.9. அதை வைத்து இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர், மியாகிக்கு 6 மீட்டர் ஆழிப்பேரலை (சுனாமி) என்று எச்சரிக்கை போனது. உண்மையான அளவு 9.0. எண் பார்வைக்குப் பக்கத்தில் தெரிகிறது. வெளிப்பட்ட ஆற்றலில் 40 மடங்குக்கு மேல் வித்தியாசம். நுட்பமான கரைக் கருவிகள் பல, அசைவு எல்லை மீறிப்போய் உச்சத்திலேயே முட்டி நின்றுவிட்டன.

அதே நேரத்தில் கடலுக்கடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1996ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வு நிறுவனம் கமாய்ஷி நகருக்கு எதிரே கேபிளோடு போட்டிருந்த அழுத்தமானிகளில் (மேலே நிற்கும் தண்ணீரின் எடையை வைத்துக் கடல் மட்டத்தைக் காட்டுபவை), தங்களுக்கு மேலே கடல் மட்டம் முதலில் மெதுவாக 2 மீட்டர், பிறகு திடீரென்று இன்னும் 3 மீட்டர் ஏறியது பதிவாகியிருந்தது. ஆழக்கடலில் 5 மீட்டர் என்றால் கரையில் அது எத்தனையாக எழும் என்று துறையில் உள்ள எவருக்கும் தெரியும். ஆனால் அன்றைய எச்சரிக்கைக் கணக்கில் அந்தப் பதிவு நேரடியாக நுழைய வழி செய்யப்பட்டிருக்கவில்லை. கரையோரத்து மிதவைகளில் அலை தெரிந்த பிறகுதான், நடுக்கம் தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து, எச்சரிக்கை உயர்த்தப்பட்டது. அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போயிருந்தது. திருத்திய எச்சரிக்கை பலர் காதில் விழவே இல்லை. கடைசியில் அந்தக் கேபிள் கரையேறும் நிலையத்தையே அலை அடித்துக்கொண்டு போனது. பதிவு அங்கே அறுந்து நிற்கிறது. அந்த வளைகோட்டை இன்று பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். கருவி தன் வேலையைச் செய்துவிட்டது. கேட்க ஏற்பாடு இல்லை.

கடலடி அன்று எவ்வளவு நகர்ந்தது என்பதும் கடலடியில் அளந்ததால்தான் தெரிய வந்தது. ஜப்பான் கடலோரக் காவல்படை ஒலி அலைகள் மூலம் அளந்துவந்த ஓரிடம் 24 மீட்டர் பக்கவாட்டில் போயிருந்தது. தட்டு கீழே நுழையத் தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தை ஒட்டி ஏறத்தாழ 50 மீட்டர். கரையில் அதிகபட்சம் தெரிந்த நகர்வு 5 மீட்டரைச் சற்றே தாண்டும். கரையில் மட்டும் நின்று பார்த்திருந்தால் பள்ளத்தருகே நடந்ததைப் பாதிகூட ஊகித்திருக்க முடியாது.

இன்னும் பழைய உதாரணம் 1896 ஜூன் 15. இதே ஜப்பான் கரையில் அன்று உணர்ந்த அதிர்வு லேசானது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வந்த அலையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். பள்ளத்தருகே மெதுவாகக் கிழியும் பிளவு கரையை அதிகம் குலுக்காது, கடலை மட்டும் தூக்கிவிடும். கரைக் கருவியை மட்டும் நம்பினால் இந்த வகை நடுக்கத்தை எப்போதும் குறைவாகவே எடைபோடுவோம்.

சரி, அப்படியானால் கடலடியில் கருவிகளைப் போட வேண்டியதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த வேலையைச் சொன்னால்தான் ஏன் இன்னும் இவ்வளவு குறைவு என்பது புரியும்.

5,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறக்குறைய 500 வளிமண்டலம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அரை டன் உட்காருகிறது. கருவியைத் தடித்த கண்ணாடிக் கோளத்திலோ டைட்டானியம் உருளையிலோ அடைக்கிறோம். மூடும் விளிம்பில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங். அதில் கிரீஸ் தடவும்போது ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் பூட்டுகிற அறையில் யாரும் பேசமாட்டோம், விளக்கைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். பிறகு நங்கூர எடையைக் கட்டிக் கடலில் விட்டுவிடுவது. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் விழும். தரை தொட ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இடையில் நீரோட்டம் எங்கே இழுத்துப் போகும் என்று தெரியாது. கப்பலைச் சுற்றிச் சுற்றி ஓட்டி ஒலி சமிக்ஞை அனுப்பி, பதில் வரும் நேரத்தை வைத்துத்தான் அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கும் பிறகு, பதிவான அலைகளை வைத்துக் கணக்கிட வேண்டியது.

அடுத்தது கடிகாரம். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. இறக்கும்போது ஒரு தடவை நேரம் சரிபார்க்கிறோம், எடுத்த பிறகு ஒரு தடவை. நடுவில் ஓராண்டு அது தனியாக ஓடுகிறது. நாளுக்கு ஒரு மில்லிநொடி பிசகினால் வருடக் கடைசியில் மூன்றில் ஒரு நொடிக்கு மேல் சேர்ந்துவிடும். பாறையில் நொடிக்கு ஆறு கிலோமீட்டர் போகும் அலைக்கு இது இரண்டு கிலோமீட்டர் பிழை. எடுக்கும்போது பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றிருந்தால் பிசகு எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. கருவி பத்திரமாகக் கையில் இருக்கும். அந்த ஓராண்டுப் பதிவின் நேரத்தை முழுசாக நம்ப முடியாது.

அப்புறம் கடலின் சொந்தச் சத்தம். மேலே 14 நொடிக்கு ஒன்றாக வரும் அலைகள் எதிரெதிரே சந்திக்கும்போது 7 நொடி அதிர்வு கடலடி வரை இறங்குகிறது. அதிர்வு இப்படி இரு மடங்கு வேகமாவதை 1950லேயே பிரிட்டிஷ் கணிதவியலாளர் லாங்கெட்-ஹிக்கின்ஸ் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அதைவிட நீண்ட அலைகள் தரையையே மெல்ல அமுக்கி விடுகின்றன. அடிநீரோட்டம் கருவியைச் சாய்க்கிறது. மீன் வந்து இடிக்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் இழுவலை மாட்டிக் கருவியோடு போய்விடுகிறது. துடுப்புத் திமிங்கிலம் நொடிக்கு 20 அதிர்வில் மணிக்கணக்காகப் பாடுவதும் பதிவாகிறது. அதை ரொம்ப காலம் இரைச்சல் என்று கழித்துவிடுவார்கள். 2021ல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், அந்தப் பாட்டு கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை வைத்தே அடுக்குகளின் தடிமனைக் கணக்கிட்டார்கள். படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

திரும்ப எடுப்பதுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். கப்பலிலிருந்து ரகசியக் குறியை ஒலியாக அனுப்பினால் கருவி பதில் சொல்லும். ஒரு கம்பி மின்சாரத்தால் அரிக்கப்பட்டு அறுந்து, நங்கூரத்தை விட்டுவிட்டு மேலே வரும். இரவென்றால் மினுக்கும் விளக்கைத் தேடி எல்லோரும் தளத்தின் ஓரத்தில் நிற்போம். சில பதிலே சொல்லாது. 2006ல் கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில் நடந்தது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடந்த 12 கருவிகளில் 4 மட்டுமே மேலே வந்தன. சில பதில் சொல்லியும் எழவில்லை. கடலடி எரிமலை வெடித்து, குழம்பு அவற்றைச் சுற்றி இறுகிவிட்டிருந்தது. மேலே வந்தவற்றின் பதிவில், கடலடி பிளந்து புதிய தரை உருவாவதன் அதிர்வுகள் இருந்தன.

இதெல்லாம் மெல்லிய அதிர்வுகளைக் கேட்பதற்கு. பலத்த குலுக்கலை அளப்பது இன்னொரு கதை. கலிபோர்னியாவின் தெற்குக் கரைக்கு எதிரே எண்ணெய்த் தளங்களுக்கு அருகே முடுக்கமானிகளைக் கடலடியில் வைத்து 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். கரையில் அளந்த அதிர்வை வைத்துக் கடல் தளங்களை வடிவமைக்கலாமா என்பது கேள்வி. ஆய்வாளர்கள் டேவிட் பூர், சார்லஸ் ஸ்மித் இருவரும் 1999ல் அதை ஆராய்ந்தபோது கையில் இருந்த முக்கியப் பதிவுகள் ஆறு இடங்களில் எட்டு நிலநடுக்கங்கள், அளவு 4.7 முதல் 6.1 வரை. இருபது ஆண்டுகளுக்கு அவ்வளவுதான். ஆனாலும் தெளிவான விடை கிடைத்தது: கடலடியில் மேல்-கீழ் அசைவு, வழக்கமான கரை நிலையங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதிலும் வேகமான அதிர்வுகளில். ஒரு பகுதிக் காரணம் தண்ணீர். மேலே போன அலை நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தரையின் மேல்-கீழ் அசைவை அடக்கிவிடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு நாலு தடவைக்குச் சற்றுக் குறைவு. பக்கவாட்டு அசைவைத் தண்ணீர் கண்டுகொள்வதே இல்லை. அதை ஆட்டிவைப்பது கீழே இருக்கும் மென்மையான படிவு. மெதுவான அதிர்வுகளில் தண்ணீரைவிட இந்தப் படிவே முக்கியம் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆக, கடலடிப் பதிவையும் கரைப் பதிவையும் ஒரே சூத்திரத்தில் போட்டுக் குழப்பக்கூடாது.

2011க்குப் பிறகு ஜப்பான் செய்ததை உலகம் பார்த்துக் கற்க வேண்டும். ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் கேபிளில் 150 கருவி நிலையங்களைக் கடலடியில் கோத்தார்கள், எஸ்-நெட் என்று பெயர். நிலநடுக்க எச்சரிக்கை அதிகபட்சம் 30 நொடியும், ஆழிப்பேரலை எச்சரிக்கை 20 நிமிடமும் முன்னதாகக் கிடைக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். அங்கும் சேறு விடவில்லை. ஆழமான இடங்களில் கருவி உருளைகள் புதைக்கப்படாமல் தரைமேல் கிடக்கின்றன. பலமாகக் குலுங்கும்போது உருளை தானே சுழன்றுவிடுகிறது, பதிவில் பொய்யான அசைவு கலக்கிறது. மெத்தைமேல் வைத்த தராசைப் போலத்தான் அதன் நிலை. ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதி, எந்தப் பதிவை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்தும் வைத்தார்கள். ஜப்பானின் தென்மேற்கே கடலில் உள்ள நங்காய் பள்ளத்தருகே போட்ட டோநெட் என்ற இன்னொரு கேபிள் அமைப்பில், இயந்திரக் கையால் குழி தோண்டி, கருவியை உள்ளே வைத்து மணலால் நிரப்பியிருக்கிறார்கள். என் கையில் அதிகாரம் இருந்தால் எல்லா இடத்திலும் இப்படித்தான் புதைக்கச் சொல்வேன். மெதுவான வேலை, செலவான வேலை, ஆனால் பெரிய நடுக்கத்தில் கைவிடாத வேலை.

எல்லா நாடும் ஜப்பானைப் போலச் செலவழிக்க முடியாது என்பது தெரியும். அதனால்தான் தொலைத்தொடர்புக் கேபிள்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோகும் கடலடிக் கேபிள்களில், சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டிகள் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கின்றன. அவற்றோடு முடுக்கமானி, அழுத்தமானி, வெப்பமானி மூன்றையும் சேர்க்கலாம் என்று ஐநாவின் மூன்று அமைப்புகள் 2012லிருந்து ஒரு கூட்டுக் குழு வைத்து வலியுறுத்திவருகின்றன. போர்ச்சுகல் தன் தீவுகளை இணைக்கும் புதிய கேபிளில் இதைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறது. ஆப்டிகல் ஃபைபரில் லேசர் அனுப்பி, கேபிளையே ஆயிரக்கணக்கான அதிர்வுமானிகளாக்கும் முறையும் வேகமாக வளர்கிறது. அதை வரவேற்கிறேன், ஆனால் அது கேபிளின் நீளவாக்கில் ஏற்படும் இழுவையைத்தான் காட்டும்; மேலும் கீழுமான தரை அசைவுக்கு இன்னும் தனிக் கருவி வேண்டும். ஒரு கேபிளின் ஆயுள் 25 ஆண்டு என்று வைத்து வடிவமைக்கிறார்கள். இன்று கருவி இல்லாமல் இறங்கும் ஒவ்வொரு கேபிளும் அந்தப் பாதையில் 25 ஆண்டு வாய்ப்பை மூடிவிடுகிறது. இதைக் கேபிள் போடும் நாடுகள் அனுமதி தரும்போதே நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதினால் நன்றியோடு படிப்பேன்.

செய்தி மேசைக்கு என் வேண்டுகோள் சின்னது. ஆய்வு மையத்தின் பக்கத்தில் ஆழத்துக்கு எதிரே பிழை வரம்பு போட்டிருப்பார்கள். ஆழம் நிர்ணயித்து வைக்கப்பட்டது என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும். அப்படி இருந்தால் "ஆழம் இன்னும் உறுதியாகவில்லை" என்று போடுங்கள், 10 வேண்டாம். முதல் அளவோடு "முதற்கட்டக் கணிப்பு" என்று சேருங்கள். மிக அருகில் இருந்த கருவி எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தது என்பதும் அதே பக்கத்தில் கிடைக்கும், அதையும் ஒரு வரியாகத் தரலாம். மறுநாள் திருத்திய அளவு வந்தால், முதல் செய்தி வந்த பக்கத்திலேயே இரண்டு வரி ஒதுக்குங்கள். கோபப்பட்டு எழுதிய அந்த வாசகருக்கு, எண் ஏன் மாறியது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
கடலடிக் கருவித் தொழில்நுட்பர் (ஓய்வு)